நிலப்படத்தில் இரு கோடுகள்

உரைநடை உலகம்

பேருந்தின் சன்னலோர இருக்கையில் அமர்ந்து, 'இந்தச் சாலை எங்கே போய் முடியும்?' என்று எண்ணிப் பார்க்காதவர் இல்லை. இறங்கும் இடம் வந்ததும் அவ்வெண்ணம் பெரும்பாலும் கலைந்துவிடும். அதனைக் கலையவிடாமல் காத்து, நாளும் நேரமும் குறித்த திட்டமாக மாற்றி, உலகையே சுற்றிவந்த ஓர் இளம்பெண்ணின் வரலாறு இப்பாடம். 'உன்னால் இயலாது' என்று கூறப்பட்டபோது அவர் எவ்வாறு விடையளித்தார் என்பதை அறியும்போது, பயணத்தைத் திட்டமிடுவதன் பொருளும் விளங்கும்.

கதையில் பிறந்த கோடு

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், எண்பது நாள்களில் உலகைச் சுற்றிவருவதைப் பற்றிய புதினம் ஒன்றை 1873ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இலண்டனில் வாழும் பிலியஸ் ஃபாக் என்னும் செல்வர், எண்பது நாள்களில் உலகைச் சுற்றிவர இயலும் எனத் தம் மன்றத்து நண்பர்களிடம் பந்தயம் கட்டுகிறார். அன்றிரவே தம் பணியாளருடன் புறப்பட்டும் விடுகிறார்.

கதைமாந்தர் கற்பனையில் பிறந்தவர். ஆனால், அவர் சென்ற வழி உண்மையானது. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவர வேண்டிய தேவை அதனால் நீங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றது. அடுத்த ஆண்டில் பம்பாயும் கல்கத்தாவும் இருப்புப்பாதையால் இணைந்தன. இம்மூன்று இணைப்புகளையும் கொண்டு கணக்கிட்டால் எண்பது நாள்கள் போதும் என்னும் முடிவே புதினத்தின் அடித்தளம். நல்ல கற்பனை, உலகில் உள்ளவற்றைக் கூர்ந்து அறிந்த பின்னரே சிறகு விரிக்கிறது என்பதற்கு இப்புதினம் சான்றாகும்.

*தெரிந்து தெளிவோம்*

*புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே, கிழக்கு நோக்கி 15 பாகை நகரும் பயணிக்குக் கதிரவன் ஒரு மணி நேரம் முன்னதாக உதிக்கும். உலகை முழுமையாகச் சுற்றி முடிக்கும்போது இவ்வேறுபாடு 24 மணி நேரமாகிவிடும். ஊரில் இருந்தவர் கண்டதைவிட ஒரு கதிரவ உதயத்தைப் பயணி கூடுதலாகக் கண்டிருப்பார். இதனைக் கருதாத ஃபாக், கெடு முடிந்துவிட்டதென்று வருந்துகிறார். இலண்டனிலோ இன்னும் ஒரு நாள் எஞ்சியிருக்கிறது!*

உறங்காத இரவு

நெல்லி பிளை என்பது புனைபெயர். அவருடைய இயற்பெயர் எலிசபெத் காக்ரன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1864ஆம் ஆண்டில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பெண்களைத் தாழ்த்தி எழுதிய ஒரு நாளிதழ்க் கட்டுரைக்குச் சினந்து மறுப்பு எழுதி அனுப்பினார். அந்த மறுப்பே அவரை இதழாளர் ஆக்கியது. இருபத்தோராம் வயதில் தாயாரைத் துணையாக அழைத்துக்கொண்டு மெக்சிகோ சென்று, அந்நாட்டைப் பற்றிச் செய்திக் கட்டுரைகள் எழுதினார். 1887ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், மனநோயாளியைப் போல நடித்து மனநலக் காப்பகம் ஒன்றில் பத்து நாள்கள் தங்கினார். அங்கு நோயாளிகள் பட்ட துன்பங்களை 'வேர்ல்டு' நாளிதழில் எழுதி வெளிப்படுத்தினார்.

புதிய செய்திக்கான கருவை ஒவ்வொரு ஞாயிறும் சிந்தித்துத் திங்களன்று ஆசிரியரிடம் கூறுவது அவர் வழக்கம். 1888ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறன்று எதுவும் தோன்றவில்லை. பின்னிரவு மூன்று மணி ஆகியும் உறக்கம் வரவில்லை. உலகின் மறுகோடிக்கே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று சலிப்போடு எண்ணினார். அவ்வெண்ணத்தைத் தொடர்ந்தே, 'ஏன் போகக் கூடாது?' என்ற வினாவும் எழுந்தது. வெர்ன் படைத்த ஃபாக்கைவிட விரைவாகச் சுற்றிவர இயலுமா என்று சிந்தித்தபடியே உறங்கிப்போனார்.

சலிப்பில் எழும் இத்தகைய கனவு யாவருக்கும் வருவதுதான். பிளையைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துவது மறுநாள் அவர் செய்த செயல். கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சென்று கால அட்டவணைகளைத் திரட்டினார். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தை என்று அடையும், அங்கிருந்து அடுத்த கப்பல் என்று புறப்படும் என ஒன்றோடு ஒன்றை இணைத்துப் பார்த்தார். எண்பது நாள்களுக்கும் குறைவாகவே முடியும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இரவில் கண்ட கனவு, பகலில் கணக்காயிற்று.

மறுப்பும் அதன் காரணங்களும்

அட்டவணைகளோடு அலுவலகம் சென்ற பிளைக்கு வரவேற்புக் கிடைக்கவில்லை. உலகப் பயணம் பற்றி நாளிதழினர் முன்பே எண்ணியிருந்தனர்; ஆனால், ஆண் ஒருவரை அனுப்புவதே அவர்கள் கருத்து. பிளையை அனுப்ப இயலாது என்பதற்கு மூன்று காரணங்கள் கூறப்பட்டன. முதலாவது, பெண் ஒருவர் பாதுகாப்புக்கு ஆண்துணையின்றி இவ்வளவு தொலைவு செல்ல இயலாது. இரண்டாவது, அவ்வாறே சென்றாலும் பெண்களுக்குப் பெட்டிகள் பல தேவைப்படும். அவற்றை ஏற்றி இறக்குவதற்குள் அடுத்த கப்பல் போய்விடும். மூன்றாவது, அவருக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாது.

அந்த ஆணை அனுப்புங்கள். அதே நாளில் வேறொரு நாளிதழுக்காகப் புறப்பட்டு அவரை வென்று காட்டுகிறேன் என்று பிளை விடையிறுத்தார். அப்படியொரு பெண் உண்மையிலேயே அதைச் செய்துவிடுவார் என்பதை அலுவலகத்தார் உணர்ந்தனர். ஆயினும், ஓராண்டுக் காலம் ஒன்றும் நிகழவில்லை.

1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஒரு மாலையில் பிளையை அலுவலகத்துக்கு அழைத்து, நாளை மறுநாள் உலகப் பயணம் புறப்பட இயலுமா என்று கேட்டனர். இந்த நிமிடமே புறப்பட இயலும் என்றார் அவர். ஓராண்டாக மனத்தில் அப்பயணத்தைச் சுமந்திருந்தவருக்கு இரண்டு நாள்கள் போதுமானவையாக இருந்தன. வாய்ப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும் நாளில் ஆயத்தமாக இருப்பது நம்மால் இயல்வதே.

ஒரே ஒரு பை

மறுநாள் காலையில் பிளை ஒரு தையற்கலைஞரிடம் சென்றார். மூன்று மாதங்கள் நாள்தோறும் உடுத்தினாலும் தாங்கக்கூடிய ஓர் உடை அன்று மாலைக்குள் வேண்டும் என்றார். நீலநிறத் தடித்த துணியில் உடை ஆயத்தமாயிற்று. அதற்கு மேல் அணியக் கட்டமிட்ட நீண்ட மேலங்கி ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

பின்னர்க் கைப்பை ஒன்றை வாங்கினார். அதன் அகலம் ஏறத்தாழ 16 அங்குலம். உயரம் 7 அங்குலம். இதற்குள் அடங்குவது மட்டுமே தம் உடைமை என்று முடிவு செய்தார். உள்ளாடைகள், கைக்குட்டைகள், தொப்பிகள், முகத்திரைகள், காலணி, ஊசியும் நூலும், மைக்கூடு, எழுதுகோல்கள், தாள், குடிநீர்க் குவளை ஆகியன அதனுள் இடம்பெற்றன. வெப்ப நாடுகளில் உடுத்த எண்ணிய மெல்லிய உடை பைக்குள் அடங்கவில்லை, அதனை விட்டுவிட்டார். முகக்களிம்பு நிறைந்த சாடியை மட்டும் விட மனமில்லை. பயணம் முழுதும் பையை மூடவிடாமல் தொல்லை கொடுத்தது அந்தச் சாடிதான் என்று பின்னர் எழுதினார்.

இங்கிலாந்து நாணய மதிப்பில் 200 பவுண்டும், ஓரளவு அமெரிக்கப் பணமும் கொண்டு சென்றார். தாள்பணத்தைத் தோற்பையில் இட்டுக் கழுத்தில் அணிந்துகொண்டார். கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துச் செல்லுமாறு சிலர் அறிவுறுத்தியதை ஏற்கவில்லை. உலக மக்களைத் தாம் எதிர்கொள்ளும் முறையிலேயே அவர்களும் தம்மை எதிர்கொள்வர் என்பது அவர் நம்பிக்கை.

ஓராண்டுக்கு முன் கூறப்பட்ட மறுப்பை இங்கு நினைவுகூர வேண்டும். பெண்களுக்குப் பெட்டிகள் பல தேவைப்படும் என்ற கூற்றுக்கு அந்தச் சிறிய கைப்பையே விடையாயிற்று. ஆண்துணை வேண்டும் என்றதற்கு அவர் தனியே கப்பல் ஏறியது விடையாயிற்று. திட்டமிடுதல் என்பது வசதிகளைப் பெருக்கிக்கொள்வது எனப் பலர் எண்ணுகின்றனர். பிளையின் திட்டமோ எவையெல்லாம் வேண்டா என்று முடிவு செய்வதில் தொடங்கியது. ஹாங்காங்கில் ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டபோது மட்டும் அதற்குரிய உடை இல்லையே என்று வருந்தினார். பல பெட்டிகளைக் காக்கும் கவலையிலிருந்து விடுபட்டதை நோக்க, அந்த இழப்பு மிகச் சிறிது என்றே கருதினார்.

ஆமியன் நகரில் ஒரு நிலப்படம்

1889 நவம்பர் 14 அன்று காலையில் 'அகஸ்டா விக்டோரியா' என்னும் கப்பலில் பிளை புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இங்கிலாந்தை அடைந்ததும் ஒரு செய்தி காத்திருந்தது. பிரான்சின் ஆமியன் நகரில் வாழ்ந்த ஜூல்ஸ் வெர்னும் அவர் மனைவியும் அவரைக் காண விரும்பினர். அங்குச் செல்வது வழியிலிருந்து விலகுவதாகும். கப்பலைத் தவறவிடும் இடரும் இருந்தது. இரண்டு இரவுகள் உறக்கமின்றிப் பயணம் செய்வதாயின் இயலும் எனக் கணக்கிட்டு அவ்வழைப்பை ஏற்றார்.

வெர்ன் தம் இல்லத்தில் நிலப்படம் ஒன்றை அவருக்குக் காட்டினார். புதினத்தை எழுதுவதற்கு முன் ஃபாக்கின் வழியை அதில் நீலநிற எழுதுகோலால் வரைந்திருந்தார். இப்போது, பிளையின் வழி அதிலிருந்து எங்கெங்கு வேறுபடுகிறது என்பதையும் அதே படத்தில் குறித்தார். கதையில் ஃபாக் பம்பாயில் இறங்கித் தொடர்வண்டியில் கல்கத்தா செல்கிறார். பிளையோ இந்தியாவில் இறங்காமல் கொழும்பு வழியாகச் செல்லவிருந்தார். எழுத்தாளர் ஒருவர் அறையில் அமர்ந்து கற்பனையில் வரைந்த கோடும், இளம்பெண் ஒருவர் தம் கால்களால் வரையவிருந்த கோடும் ஒரே நிலப்படத்தில் அன்று சந்தித்தன.

காத்திருந்த நாள்கள்

இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்தில் கப்பலேறிய பிளை, சூயஸ் கால்வாய், ஏடன் வழியாக டிசம்பர் 8 அன்று கொழும்பை அடைந்தார். திட்டமிட்ட நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். எனினும், அந்த முன்னேற்றம் பயன்படவில்லை. அடுத்த கப்பலோடு இணையவேண்டிய மற்றொரு கப்பல் வந்து சேரவில்லை. ஏறத்தாழ ஐந்து நாள்கள் காத்திருக்க நேர்ந்தது. ஹாங்காங்கிலும் ஜப்பானின் யோகோஹாமாவிலும் அதே நிலைதான். விரைவாகச் செல்வதற்கென்றே மேற்கொண்ட பயணத்தில் ஏறத்தாழப் பதினைந்து நாள்கள் காத்திருப்பிலேயே கழிந்தன.

இணைப்புப் பயணங்களின் இயல்பு இது. ஒரு வண்டி எவ்வளவு விரைவாகச் சென்றாலும் அடுத்த வண்டி புறப்படும் நேரமே பயணத்தின் வேகத்தை முடிவு செய்கிறது. ஆகவே, திட்டத்தில் ஓய்வு நாள்களை விட்டுவைப்பது வீண் அன்று. பிளை 75 நாள்களில் முடிப்பதாகக் கணக்கிட்டிருந்தார். ஃபாக்கின் 80 நாள்களோடு ஒப்பிட, தடங்கல்களைத் தாங்க இன்னும் ஐந்து நாள்கள் அதில் இடமிருந்தது.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. இத்தாலியை இரவும் பகலுமாகத் தொடர்வண்டியில் கடந்த பிளை, மூடுபனியைத் தவிர அங்கு அதிகம் காணவில்லை. ஆனால், கொழும்பில் காத்திருந்தபோது மலைநகராகிய கண்டிக்குச் சென்றார். ஹாங்காங்கில் காத்திருந்தபோது சீனாவின் கான்டன் நகரைக் கண்டார். யோகோஹாமாவில் காத்திருந்தபோது காமகுராவின் பெரிய புத்தர் சிலையையும் டோக்கியோவையும் பார்த்தார். திட்டப்படி நடந்த நாள்கள் அவரை ஊர்களைக் கடக்கச் செய்தன; திட்டம் தடைப்பட்ட நாள்களே அவரை ஊர்களைக் காணச் செய்தன.

மற்றொரு பயணி

ஹாங்காங்கில் கப்பல் நிறுவன அலுவலகத்துக்குச் சென்றபோது வியப்பான செய்தி ஒன்று கிடைத்தது. அவருக்குப் போட்டியாக மற்றொரு பெண்ணும் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தார்! அவர் எலிசபெத் பிஸ்லண்ட். 'காஸ்மோபாலிட்டன்' என்னும் இதழில் பணியாற்றியவர். பிளை கிழக்கு நோக்கிப் புறப்பட்ட அதே நவம்பர் 14 அன்று காலையில் பிஸ்லண்டை அழைத்த இதழின் உரிமையாளர், மேற்கு நோக்கி உலகைச் சுற்றிவருமாறு பணித்தார். மறுநாள் தம் இல்லத்துக்கு விருந்தினர் வரவிருப்பதாகக் கூறி முதலில் மறுத்த பிஸ்லண்ட், அன்று மாலையே புறப்பட நேர்ந்தது.

போட்டி பற்றிய செய்தி பிளையைக் கலக்கவில்லை. தாம் யாருடனும் போட்டியிடவில்லை. தம் வாக்கின்படி 75 நாள்களுக்குள் திரும்புவதே நோக்கம் என்றார். பயணத்தின் இறுதிக் கட்டத்தில் பிஸ்லண்டுக்கு விரைவுக் கப்பல் கிடைக்கவில்லை. மெதுவாகச் செல்லும் கப்பலில் குளிர்கால அட்லாண்டிக்கைக் கடந்து, 76 நாள்களில் நியூயார்க்கை அடைந்தார். அவரும் ஃபாக்கை வென்றவரே. முன்னேற்பாட்டுக்கு ஒரு பகல்கூட இல்லாத நிலையிலும் உலகைத் தனியே சுற்றிவந்த அவருடைய துணிவு போற்றத்தக்கது.

திட்டத்தை மாற்றும் துணிவு

1890 சனவரி 21 அன்று பிளை பசிபிக் பெருங்கடலைக் கடந்து சான்பிரான்சிஸ்கோவை அடைந்தார். எஞ்சியது அமெரிக்காவைக் கடக்கும் தரைவழிப் பயணமே. ஆனால், மலைப்பகுதியில் கடும்பனி பொழிந்து வழக்கமான இருப்புப்பாதை அடைபட்டிருந்தது. நாளிதழ் நிறுவனம் தனித் தொடர்வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தது. பனி இல்லாத தென்பகுதிப் பாதையில் சுற்றிச் சிகாகோ சென்று, அங்கிருந்து அவர் கிழக்கு நோக்கி விரைந்தார். சனவரி 25 அன்று பிற்பகல் 3 மணி 51 நிமிடத்தில் நியூயார்க்கை அடுத்த ஜெர்சி நகர் நிலையத்தில் இறங்கினார். 72 நாள், 6 மணி, 11 நிமிடங்களில் உலகைச் சுற்றி முடித்திருந்தார்.

தனித் தொடர்வண்டிக்கான செலவை நிறுவனம் ஏற்றதால்தான் இறுதிக் கட்டம் எளிதாயிற்று என்பதை மறக்கலாகாது. பயணி ஒருவர் தனியே சென்றாலும், மாலுமிகள், வண்டி ஓட்டுநர்கள், தந்தி ஊழியர்கள் எனப் பலருடைய உழைப்பின்மீதே அவர் பயணம் நடைபெறுகிறது.

பிளையின் சாதனை நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதே 1890ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெயின் என்பவர் 67 நாள்களில் உலகைச் சுற்றினார். இன்று வானூர்தியில் இரண்டே நாள்களில் சுற்றிவரலாம். எனினும், பெண்ணால் இயலாது என்று கூறி அடைக்கப்பட்ட கதவு, 1890 சனவரியில் திறந்தது திறந்ததுதான்.

பையில் காணப்படாத சுமை

பிளையின் பயண நூலை இன்று படிப்போர்க்கு ஒரு குறை புலப்படும். ஆசிய நாட்டு மக்களைப் பற்றி அவர் எழுதிய சில இடங்களில், அக்கால மேலைநாட்டாரிடம் இருந்த ஏளனமும் முன்முடிவுகளும் வெளிப்படுகின்றன. பெண் என்பதால் தம்மைக் குறைத்து மதிப்பிட்டோரை எதிர்த்தவர், பிற நாட்டாரைக் குறைத்து மதிப்பிட்டதை உணரவில்லை. பெட்டிகளையெல்லாம் விட்டுச் சென்றவரால் அந்தச் சுமையை விட்டுச்செல்ல இயலவில்லை. பயணத்துக்கு ஆயத்தமாவோர் பையை மட்டுமன்றி மனத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

உலகைச் சுற்றும் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைப்பதில்லை. ஆயினும், பயணத்தை எண்ணிப் பார்க்கவும் திட்டமிடவும் எவர்க்கும் தடையில்லை. ஒரு நிலப்படம், ஒரு கால அட்டவணை, ஒரு தாள், ஓர் எழுதுகோல் ஆகியவை போதும். செல்ல விரும்பும் ஊர் எது, ஏன் செல்ல வேண்டும், எவ்வழியில் செல்வது, வண்டி தவறினால் மாற்று வழி யாது, செலவு எவ்வளவு, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, புறப்படும் செய்தியை யாரிடம் கூறுவது என்னும் வினாக்களுக்கு விடை எழுதத் தொடங்கும்போதே கனவு உருப்பெறத் தொடங்குகிறது. வீட்டில் 'வேண்டா' என்று மறுப்போரிடம் இத்தாளைக் காட்டிப் பேசுவது, வெறும் ஆசையைக் கூறி மன்றாடுவதைவிடப் பயன் தரும். அவர்கள் அஞ்சுவது எதற்கு என்பதைக் கேட்டறிந்து, அதற்குரிய விடையையும் அத்தாளிலேயே எழுதிச் சேர்க்கலாம். நெல்லி பிளை செய்ததும் அதுவே.

கற்பவை கற்றபின்...

1. உலக நிலப்படம் ஒன்றில் ஃபாக்கின் வழியையும் நெல்லி பிளையின் வழியையும் இரு வேறு நிறங்களில் வரைந்து, அவை பிரியும் இடங்களைக் குறிக்க.

2. உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பேருந்து அல்லது தொடர்வண்டி நேரம், செலவு, மாற்று வழி ஆகியவற்றுடன் பயணத் திட்டம் ஒன்றை உருவாக்குக.

3. மூன்று நாள் பயணத்துக்கு ஒரே ஒரு சிறு பைதான் எனில், அதில் எவற்றை வைப்பீர்கள்? விட்டுச்செல்லும் பொருள்களையும் அதற்கான காரணங்களையும் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

குறுவினா

1. பிளையை அனுப்ப மறுத்ததற்குக் கூறப்பட்ட காரணங்கள் யாவை?

2. ஃபாக் தம் கெடு முடிந்துவிட்டதாக எண்ணியது ஏன்?

சிறுவினா

1. 'எவையெல்லாம் வேண்டா என்று முடிவு செய்வதில் திட்டம் தொடங்கியது' – விளக்குக.

2. காத்திருந்த நாள்கள் பிளைக்கு அளித்த பயன்களை எழுதுக.

நெடுவினா

கனவு திட்டமாகவும், திட்டம் செயலாகவும் மாறும் முறையை நெல்லி பிளையின் பயணத்தின் வழி ஆராய்ந்து கட்டுரைக்க.